ஒரு கல்லும் மூன்று தென்னையும்

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரியை மேலவாடி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தார்கள். ஜனவரியில் கொடுத்திருக்க வேண்டியது; நான் போய்க் கேட்டது போன வாரம்தான். ஆகவே எனக்கு இந்த வருஷம் நவம்பரில் பிறந்திருக்கிறது. வார்டு உறுப்பினர்கள் அன்றாட நடப்பை எழுதிவைக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் ஒரு அம்மா சொன்னார். மற்ற உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். பாடம் எதுவும் மனசில் நிற்கவில்லை. எழுது என்று சொன்னால் எழுதுகிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

என் பெயர் கலிவரதன். கோரைத்திட்டின் உறுப்பினர். நான் ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. தேர்தலில் யாரை நிறுத்துவது என்று ஊர்க்கூட்டம் போட்ட அன்று காலையில்தான் சிதம்பரத்துக்குப் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன். வாய் நிறையப் பஞ்சு. எங்கள் ஊர்த் தலைவர், நாங்கள் நாட்டார் என்கிற வைத்திலிங்க மாமா, "கலியா, நீ நின்னா என்னா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் ரத்தம் வரும். பேசாமல் இருந்தேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஜெயித்துவிட்டேன்.

பிற்பாடு இதை யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். எங்கள் ஊர் தீவு. ஆறு கடலில் விழுகிற இடத்தில் கிடக்கிற மணல். கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, வடக்கிலும் தெற்கிலும் முகத்துவாரம். மற்ற ஊர்கள் இருந்த இடத்தில் இருக்கும். எங்கள் ஊர் நடக்கும். கடல் தெற்குக் கோடியைக் கடித்து வடக்குக் கோடியில் துப்புகிறது. தென்கோடி வீட்டுக்கு அலை வந்ததும் அந்த வீட்டுக்காரர் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய் வடகோடிப் புது மணலில் கட்டிக்கொள்வார். பிறகு அடுத்த வீடு தென்கோடி ஆகும். இதற்கு மணல் முறை என்று பெயர். அதனால்தான் சவுக்குக் கழியும் கீற்றும் தவிர வேறு எதிலும் நாங்கள் வீடு கட்டுவதில்லை. சிமெண்டில் கட்டியது இரண்டுதான்: பள்ளிக்கூடம், ரேஷன் கடை. இரண்டும் இப்போது மீன்களுக்குப் பயன்படுகின்றன.

வீடுகள் இப்படி இடம் மாறுவதால் கதவு எண் எங்களுக்கு உதவாது. ஊர் நடுவே வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் ஒன்று நிற்கிறது. கல்லுக்கு வடக்கே இத்தனையாவது வீடு, தெற்கே இத்தனையாவது வீடு என்பதுதான் விலாசம். கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு ஏற்றுகிறோம்.

நான் பிறந்தபோது என் வீடு வடகோடியில் இருந்ததாம். நான் எங்கும் நகரவில்லை. ஊர்தான் என்னைத் தாண்டிப் போய்விட்டது. இப்போது என் வீடு கல்லுக்குத் தெற்கே கடைசி வீடு.

நவம்பர் 5, புதன்

மகளோடு போனில் பேசினேன். இலக்கியாவுக்கு ஏழு மாதம். வளைகாப்பு அவள் புகுந்த வீட்டில், சிதம்பரத்தில், போன வாரம் நடந்தது. வளையல் போட்ட பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"அல எங்கப்பா இருக்கு?" என்றாள்.

"மூணு தென்னைக்கு அந்தாண்ட."

வீட்டுக்கும் அலைக்கும் நடுவே எத்தனை தென்னை நிற்கிறது என்பதுதான் எங்கள் அளவு. என் அப்பா வைத்த மரங்கள். மூன்றாவது மரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த மரமும் மரம்தானே.

"மழ முடியட்டும்பா. அப்புறமா வரேன்."

பேருந்து குலுங்கும் என்று யோசிக்கிறாள் போலிருக்கிறது. நியாயம்தான். பிறகு என் மனைவி அஞ்சலாட்சி போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்து குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டாள்.

நவம்பர் 8, சனி

மூன்றாவது மரம் விழுந்துவிட்டது. இளநீர் எல்லோருக்கும் கொடுத்தோம். செங்கேணிக்கு இரண்டு கூடுதலாக. செங்கேணி கல்லுக்குத் தெற்கே எனக்கு முந்தின வீடு. நான் கிளம்பினால் அவள்தான் தென்கோடி.

நாட்டார் மாமாவோடு வடகோடிக்குப் போய்ப் பார்த்தேன். புது மணல் நன்றாக ஏறியிருக்கிறது. அடம்பங்கொடி அதன்மேல் படர்ந்து மறுபக்கம் இறங்கிவிட்டால் வீடு கட்டலாம் என்பது கணக்கு. கொடி இறங்கிவிட்டது. மாமா குனிந்து ஒரு ஊதாப் பூவைக் கிள்ளி என் சட்டைப் பையில் போட்டார்.

"ஒம் முறடா. அமாவாச கழிச்சிப் பிரிச்சிடலாம். பொண்ணு வந்து புது வூட்டுல பெத்துக்கட்டும்."

பூவைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். துவைக்கும்போது அஞ்சலாட்சி திட்டினாள்.

நவம்பர் 10, திங்கள்

தாலுகா அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். தென்கோடியில் பாறாங்கல் கொட்டிக் கொடுங்கள் என்று நான்தான் மூன்று முறை மனு கொடுத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மேலே யாரோ, தீவு எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள் எனக் கேட்டிருக்கிறார். அளந்து முடிக்கிறவரை வடகோடிப் புது மணலில் யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். டீ கொடுத்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். டீயும் குடித்துவிட்டுப் போட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மாலையில் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்தேன். கூட்டத்தில் செங்கேணி கேட்டாள்.

"ஏண்ணே, அடுத்துப் போவ வேண்டியது ஒங்க வூடுதான?"

"ஆமா."

"அப்ப ஒங்க வூட்டுக்கு நீங்களே தட வாங்கிக்கிட்டு வந்தீங்களா?"

"படகுச் செலவு பண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அவளுக்கு எப்போதுமே நகைச்சுவை கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டும்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டு தென்னை. அலை பெரிது. வேறு விசேஷம் இல்லை.

ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதா, காலையிலிருந்து எத்தனை தடவை கொல்லைப்பக்கம் போவீர்கள் என்கிறாள் அஞ்சலாட்சி. கருவாடு காய்ந்ததா என்று பார்க்கப் போனேன் என்றேன். இன்று கருவாடு காயப்போடவில்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

கூடை நண்டு எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். இலக்கியாவுக்கு முகம் நிறைந்திருக்கிறது. இரண்டு கையிலும் வளையல். எழுந்திருக்கும்போது வளையல் சத்தம் முதலில் எழுந்திருக்கிறது, அவள் பிறகு எழுந்திருக்கிறாள்.

"எத்தன மரம்பா?"

"மூணு."

"மூணா?"

"மூணு."

"சரிப்பா."

அவளுடைய மாமியார் நல்ல மனுஷி. சொம்பு நிறையக் காப்பி கொடுத்தார். "ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான் இருக்கு, சம்பந்தி. அங்க கழியத் தாண்டி, படகு ஏறி, எதுக்கு அலைச்சலு? இங்கயே பாத்துக்கிறமே. நீங்க ரெண்டு பேரும் வந்து இருங்க" என்றார். அதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. தாய்வீடு என்று ஒன்று இருந்தால்தானே அழைத்துப் போவது என்று அவர் சொல்லவில்லை. அப்படி நான் நினைத்துக்கொண்டேன் என்றும் எழுதத் தேவையில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

திரும்பும்போது பேருந்தில், படகு ஏறுகிற மேலவாடியில் இறங்காமல் அடுத்த ஊர் போய்விட்டேன். கண்டக்டர், "மெம்பரே, எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். தொகுதியைப் பார்வையிடுகிறேன் என்றேன்.

நவம்பர் 19, புதன்

சர்வேயர் திங்கள்கிழமை வருவாராம். வருவாராம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். ஆகவே வரலாம்.

நவம்பர் 24, திங்கள்

சர்வேயர் வந்தார். மெர்சி என்று பெயர், முப்பது வயதுக்குள் இருக்கும். முக்காலிமேல் வைக்கிற ஒரு கருவியும், பழைய நிலப்படத்தின் நகலும் கொண்டுவந்தார். படகிலிருந்து இறங்கியதும், "மெம்பர், இங்க ஒரு எல்லைக்கல் இருக்கணுமே. அது கெடச்சா என் வேல பாதி முடிஞ்சிடும். பெரும்பாலும் எங்கயும் இருக்கறதில்ல" என்றார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அரசாங்கம் கேட்டு எங்களிடம் இருக்கிற ஒரே சாமான். கூட்டிப்போய்க் காட்டினேன். ஊரே பின்னால் வந்தது. மஞ்சள் வாசனையோடு, எண்ணெய் மினுங்க, பூ வைத்துக்கொண்டு கல் நின்றது. அந்த அம்மா மண்டியிட்டு மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார். வெட்டியிருந்த எழுத்து தெரிந்தது. இவ்வளவு நல்லபடியாக ஒரு கல்லை அவர் பார்த்ததே இல்லையாம்.

பிறகு கருவியை அதன் பக்கத்தில் வைத்தார். பார்த்தார். படத்தைப் பார்த்தார். கருவியைத் தூக்கி மறுபடி வைத்தார்.

"மெம்பர், இந்தக் கல்லு இங்கதான் இருந்துச்சா?"

"இங்கயேதான் மேடம். நல்லா பாத்துக்கிறோம். தண்ணி படவே வுட்டதில்ல."

"தண்ணி படவே விட்டதில்லன்னா?"

இந்த இடத்தில் யாராவது என் வாயில் பஞ்சை வைத்திருக்கலாம்.

"அல பக்கத்துல வந்துச்சின்னா தூக்கிட்டு வந்து வடக்கால நட்டுடுவோம். அரசாங்கக் கல்லு ஆச்சே, கடலுக்குக் குடுக்கலாமா? எங்க தாத்தா காலத்துல ஒரு தடவ, அப்பா காலத்துல ஒரு தடவ. பெரிய புயலப்ப நானே ஒரு மூல புடிச்சேன்."

அந்த அம்மா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்து செங்கேணி தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

குடித்துவிட்டு அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இது. அந்தக் கல் சாமியும் இல்லை, ஊருக்கு நடுவும் இல்லை. ஆற்றுக்கு நடுவே ஜில்லாவைப் பிரிக்கிற கோட்டில் நட்டது. கல்லுக்குத் தெற்கே எங்கள் ஜில்லா. வடக்கே அடுத்த ஜில்லா. எங்கள் ஊர் நடந்து நடந்து அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. நாங்களோ போகிற இடமெல்லாம் கோட்டையும் தூக்கிக்கொண்டே போயிருக்கிறோம்.

"கல்லோட உண்மையான எடம் எது மேடம்?"

தெற்கே கை காட்டினார். என் வீட்டுக் கூரைக்கு மேலே, தென்னைகளுக்கு மேலே, அலைக்கும் அந்தப் பக்கம்.

"அப்ப என் வார்டு?"

"கடல்ல இருக்கு, மெம்பர்."

எல்லைக்கல்லை நகர்த்துவது குற்றமாம். நாட்டார் மாமா, "நவுத்தலம்மா. தூக்கித்தான் வந்தோம்" என்றார். அதை எழுதிக்கொள்ளவில்லை, அந்த அம்மாவுக்குப் புண்ணியம்.

நவம்பர் 25, செவ்வாய்

கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. நான் சிரித்தால் அவர்களும் பாதி சிரிக்கிறார்கள். கல்லைக் காட்டிக் கொடுத்தவன் நான். மணல் முறையே போய்விடும், எல்லாரையும் மேலவாடிக்கு ஓட்டிக்கொண்டு போய்க் குடியிருப்பில் அடைத்துவிடுவார்கள் என்று பேச்சு.

இரண்டாவது தென்னையும் போய்விட்டது. ஒன்று. இன்று மதியம் கடல் ஏற்றத்தில் நுரை கொல்லைக் கதவுவரை வந்து, நின்று, யோசித்துவிட்டுத் திரும்பியது. அஞ்சலாட்சி அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினாள். கடலைக் கூட்டிப் பெருக்குகிற ஒரே பெண்பிள்ளை என்றேன்.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க சிரிக்க வேணாம். கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள்.

சும்மா இருக்க முயற்சி செய்தேன். வலையை எடுத்துக் கிழியாத இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

இலக்கியா போன் செய்தாள். எடுக்கவில்லை. சார்ஜ் இல்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 27, வியாழன்

மெர்சி அம்மா மறுபடி வந்தார். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினோம். நாட்டார் மாமா, செங்கேணி, இன்னும் சிலர். அஞ்சலாட்சி சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டே நின்றாள்.

விதிப்படி கல்லை அதனுடைய இடத்தில் திரும்ப நட்டுப் பதிவு செய்ய வேண்டும். அது தண்ணீராக இருந்தாலும் அங்கேதான். நட்டால் தீவு முழுக்க வடக்கு ஜில்லா என்று ஆகிவிடும். இரண்டு கலெக்டரும் எழுதிக்கொண்டு முடிவு செய்கிறவரை ரேஷனும் ஓட்டும் பழையபடி நடக்கும். அதற்கு எத்தனை காலம் ஆகும் என்று கேட்டேன். "மெம்பர், உங்களுக்கு எத்தன வயசு?" என்றார்.

அப்போது அஞ்சலாட்சி பேசினாள்.

"ஏம்மா, வடக்கால வூடு கட்டக் கூடாதுன்னு தட போட்டது எந்த ஜில்லா?"

"உங்க ஜில்லாதான். தெக்கு."

"கல்ல நட்டுட்டா நாங்க இருக்கிறது?"

"வடக்கு."

"வடக்கு ஜில்லா எதாவது தட போட்டுருக்கா?"

"அவங்களுக்கு நீங்க இருக்கிறதே தெரியாது."

"அப்ப தட இல்ல."

அந்த அம்மா சுக்குக்காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் எதுவும் சொல்லலம்மா. நீங்களாவே பேசிக்கிறீங்க."

இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். என்னை நிறுத்தியதற்குப் பதில் இவளை நிறுத்தியிருக்கலாம். இவளுக்கு அன்று பல்லும் பிடுங்கவில்லை.

ஆனால் கல் போய்விடும். செங்கேணிக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஒரு வீட்டுக்காக ஊர்க் கல்லைக் கடலில் போட வேண்டாம், நான் சிதம்பரத்தில் மகள் வீட்டில் போய் இருந்துகொள்கிறேன் என்றேன். சொல்லும்போது குரல் வேறு மாதிரி வந்தது. சுக்கு காரம்.

நாட்டார் மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "ஒனக்காவன்னு யாருடா சொன்னது? ஒனக்கு அப்புறம் செங்கேணி, அவளுக்கு அப்புறம் இன்னொருத்தன். வரிசையில முன்னாடி நிக்கிறதால பெரிய ஆளுன்னு நெனச்சுக்காத. நாளைக்குக் காலையில கடல் அமைதியா இருந்தா கெளம்பணும்" என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

கல்லைப் பெயர்த்தோம். நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. புயலின்போது பயந்துகொண்டு நட்டதால் ஆழமாக நட்டிருக்கிறோம். பெண்கள் கடைசியாக ஒருமுறை மஞ்சள் பூசினார்கள். வெள்ளிக்கிழமையாகவும் போய்விட்டது.

பெரிய ஃபைபர் படகில் நடுவே படுக்கவைத்தோம். மெர்சி அம்மாவுக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் கருவி, ஒரு கையில் எலுமிச்சம்பழம். என் வீட்டைத் தாண்டினோம். கடல் பக்கமிருந்து என் வீட்டை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அலையிடமிருந்து பார்த்தால் எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

"இன்னும் கொஞ்சம் கெழக்க. போதும். திரும்புங்க. இங்க."

நாட்டார் மாமா ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றினார். நாலு பேர் பிடித்து இறக்கினோம். போன தடவை பிடித்த அதே மூலையை நான் பிடித்தேன். சத்தமே இல்லாமல் போயிற்று. கயிறு மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

யாரோ, "பாவம், இத்தன வருசமா தண்ணியே படாம இருந்துது" என்றார்கள். மாமா சொன்னார்: "அதும் வூட்டுக்கு அது போயிடுச்சிடா. நாமதான் அலைய வச்சிட்டோம்."

மெர்சி அம்மா அலையைப் படம் எடுத்துக்கொண்டார். கல் நடப்பட்டது என்று எழுதினார். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். கரைக்குத் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வார்டு இப்போது முழுக்கத் தண்ணீர். கெளுத்தியும் மடவையும் என் வாக்காளர்கள். இனிமேல் குடிநீர்ப் பிரச்சினை என்று எவரும் மனு கொடுக்க முடியாது.

நவம்பர் 30, ஞாயிறு

வீட்டைப் பிரித்தோம்.

எங்கள் வழக்கப்படி வீட்டுக்காரன் கூரையைத் தொடக் கூடாது. ஊர் ஆண்கள் கூரையை முழுசாகத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வீட்டுக்காரி அடுப்பு நெருப்பைச் சட்டியில் எடுத்துக்கொண்டு முன்னால் போவாள். வீட்டுக்காரன் கடைசியில் வெறுங்கையோடு வர வேண்டும், திரும்பிப் பார்க்காமல். எனக்கு மிகப் பொருத்தமான வேலை.

திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் செங்கேணி பார்த்துக்கொண்டு வந்து சொன்னாள்: "கடைசி மரம் நிக்கிது, அண்ணே." அவ்வளவு போதும்.

பின்னால் சாமான்கள் வந்தன. அஞ்சலாட்சியின் ஆட்டுக்கல் அவள் தாய்வீட்டுச் சீர். இரண்டு பேர் சவுக்குக் கழியில் கட்டித் தூக்கி வந்தவர்கள் ஊர் நடுவே, கல்லைப் பெயர்த்த பள்ளத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க இறக்கினார்கள். இருட்டுவதற்குள் கூரை ஏற்ற வேண்டும் என்று மாமா கத்தவே அதை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. கூரை ஒழுகவில்லை. ஆட்டுக்கல்லை எடுக்கப் போகவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

ஆட்டுக்கல்லை எடுக்கப் போனோம். பள்ளத்தை யாரோ தூர்த்து அதன்மேல் ஆட்டுக்கல்லை உட்காரவைத்திருந்தார்கள். மஞ்சள் பூசியிருந்தது. குழவிக்குத் தனியாகப் பொட்டு.

"யாரு வேல இது?" என்றாள் அஞ்சலாட்சி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

"என் கல்லுங்க அது. எங்கம்மா வூட்டுலேந்து வந்தது."

நாட்டார் மாமா மெதுவாகச் சொன்னார். "அஞ்சல, கல்லு போனதுலேந்து யாருக்கும் யாரு வூடு எங்கன்னு சொல்லத் தெரியல. போஸ்ட்மேனு மூணு நாளா கழிக்கு அந்தாண்டயே நிக்கிறான். ஒரு மாசம் இருக்கட்டும்."

ஒரு மாசம் என்று அவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அஞ்சலாட்சி ஆட்டுக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மாவாட்டணும்னா இங்கதான் வருவேன். அப்ப யாரும் வந்து கும்புடக் கூடாது" என்றாள். ஒத்துக்கொண்டார்கள்.

தாலுகா அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, புது மணலில் யாரோ கட்டுவதாகக் கேள்விப்பட்டோம், உறுப்பினர் என்ன செய்கிறீர்கள் என்றார்கள். என் வார்டை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன் சார், ஒரு வீடுகூட இல்லை என்றேன். மூன்று வருஷப் பதவியில் நான் சொன்ன முதல் முழு உண்மை.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் வலைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். படகுத்துறையிலிருந்து செங்கேணி மகன் ஓடி வந்து, "மாமா, இலக்கியாக்கா வந்துருக்கு" என்றான்.

ஒரு காலில் செருப்போடு போனேன். படகிலிருந்து அவளை இருவர் கைகொடுத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் வளையல் சத்தம், பிறகு அவள். கூடவே ஒரு பெட்டி, ஒரு தலையணை. பெட்டி பெரிய பெட்டி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள் கொண்டுவருகிற அளவு இல்லை.

"சொல்லிட்டு வரக் கூடாதா? குலுங்கலியா பஸ்ஸு?"

"போன் எடுத்தாதான சொல்றது."

"சார்ஜ் இல்ல."

"பன்னண்டு நாளாவா?"

பெட்டியை வாங்கிக்கொண்டேன். பழக்க தோஷத்தில் கால் தெற்கே திரும்பியது. அவள் வடக்கே திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"அம்மா எல்லாம் சொல்லுச்சு. மொத நாளுலேந்து." மூச்சு வாங்க நின்றாள். "நீ மூணு மரம்னு சொன்னா நான் ஒண்ணு கழிச்சிக்குவேன்பா. போன மாசம் வந்து உக்காந்துகிட்டு மூணுன்னியே, அன்னிக்கு ரெண்டு கழிச்சிட்டேன்."

"ஒண்ணு கழிச்சாப் போதும். அன்னிக்கி ரெண்டு இருந்துச்சு."

"சரி, ஒரு மரம் ஓங் கணக்குல வரவு வச்சுக்க."

ஊர் நடுவே வந்ததும் நின்றாள். அஞ்சலாட்சி ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கழுவியெடுத்த மஞ்சள் பக்கத்தில் ஓடிக் கிடந்தது. மகளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, கையெல்லாம் மாவு. மாவுக் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கன்னத்தை மட்டும் நீட்டினாள்.

"ஏம்மா, நம்ம கல்ல இங்க வச்சிருக்க?"

"நான் எங்க வச்சேன். ஓங்கப்பன் ஊருக்குக் குடுத்துட்டாரு. நட, வந்துடறேன். இன்னும் பொட்டு வைக்கணும்."

புது வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வடக்கே மணல் இன்னும் போகிறது. அடம்பங்கொடி அதன்மேல் நீண்டிருக்கிறது. கடல் எங்கே என்று கேட்கவில்லை. சத்தம் கேட்டது, தூரத்தில். பாயில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் பெட்டியை இந்த மூலையில் வைத்தேன், அந்த மூலையில் வைத்தேன், மறுபடி இந்த மூலையில் வைத்தேன்.

"உக்காருப்பா."

உட்கார்ந்தேன். ஆச்சரியம், உட்கார முடிந்தது.

அப்போது மாப்பிள்ளை போன் செய்தார். அடுத்த ஞாயிறு அவரும் அவர் அம்மாவும் வருகிறார்களாம். படகிலிருந்து இறங்கி எப்படி வருவது என்று கேட்கிறார் போலிருக்கிறது. இலக்கியா கொஞ்சம் யோசித்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். ஊர் நடுவே அஞ்சலாட்சி முந்தானையால் ஆட்டுக்கல்லைத் துடைத்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க," என்றாள் இலக்கியா. "கல்லுக்கு வடக்கால கடைசி வூடு."